சம்பள உயர்வை வேண்டாம் என்றேன்: ஈஎஸ்ஐயில் என் 11 வருடம்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதப்போவதில் பாதி புரியாது. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டாலியில் பில் ஏற்றுவது, நூல்காரருக்கும் டையிங்காரருக்கும் பணம் போடுவது, மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீசுக்குப் பட்டியல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் போட்டு நடப்பேன். வெளியே போக இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். சான்றிதழில் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குத் தனி வருமானம் கிடையாது.

கடைக்கும் ஹோட்டலுக்கும் எல்லாரும் விமர்சனம் எழுதுகிறார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஈஎஸ்ஐக்கு, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்கு, யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. என்னைப் போல மாற்றுத்திறனாளியாக இருந்துகொண்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அதில் என்ன உண்டு, எது வரைக்கும் உண்டு என்பதை அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். டிஸ்பென்சரி எது, கம்பெனி எது என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் போக வேண்டும்.

விலையிலிருந்து தொடங்கலாம். 2014-இல் 9,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தேன். அப்போது தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், அதாவது மாதம் 158 ரூபாய். 2019 ஜூலையில் அதை 0.75 சதவீதமாகக் குறைத்தார்கள். கம்பெனி பங்கும் 4.75-இலிருந்து 3.25-க்கு இறங்கியது. இப்போது என் சம்பளம் 24,700. பிடித்தம் 186 ரூபாய். 11 வருடத்தில் சம்பளம் இரண்டே முக்கால் மடங்கு ஏறியிருக்கிறது, பிடித்தம் 28 ரூபாய்தான் ஏறியிருக்கிறது. கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இந்த விலைக்கு வேறு எதுவும் இப்படிக் கிடைக்காது. அதுவும் என் ஒருத்திக்கு இல்லை, என்னை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து.

சரி, 186 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

டிஸ்பென்சரி வாசலில் நான்கு படி. பக்கத்தில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் ஒரு தடவையாவது காலிப்பர் போட்ட ஆளை ஏறச் சொல்லிப் பார்த்திருக்கலாம். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும்தான், ஏறும்போது அது இடது கைப்பக்கம் வரும். எனக்குப் பிடிமானம் வேண்டியது வலது பக்கம். அதனால் மருந்து வாங்கிக்கொண்டு இறங்கும்போதுதான் அந்தக் கம்பி எனக்கு உதவும். ஏறும்போது இடது கையால் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போகணும். அதற்கும் முன்னால், சாய்தளம் தொடங்கும் இடத்தில் தினமும் ஒரு பைக் நிற்கும். வாட்ச்மேன் அண்ணாவிடம் கேட்டால், "அஞ்சு நிமிசங்க, இப்ப எடுத்துருவாங்க" என்பார். அந்த ஐந்து நிமிடம் முடிந்து நான் இதுவரை பார்த்ததில்லை. நான்கு படியிலேயே ஏறிவிடுவேன்.

உள்ளே டோக்கன். காலை எட்டு மணிக்குப் போனால் பத்தரைக்கு வெளியே வரலாம், ஒன்பதுக்குப் போனால் அரை நாள் லீவுதான். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை என்று போர்டு இருக்கிறது. வரிசை இல்லை. ஆனால் முன்னால் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள்தான், "நீங்க போங்கக்கா" என்று விட்டுவிடுவார்கள். டாக்டரம்மா நல்லவர். இரண்டு நிமிடம்தான் பார்ப்பார், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில், "காலிப்பர் உரசுற எடத்துல புண்ணு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்கத் தவற மாட்டார். நான் காசு கொடுத்துப் பார்த்த தனியார் டாக்டர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

மருந்து கொடுக்கும் ஜன்னல்தான் எனக்குப் பெரிய குறை. அம்மாவுக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை. 15 நாளைக்குத்தான் தருவார்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, பழைய படிவத் தாளில் மடித்து, மேலே 1-0-1 என்று எழுதித் தருகிறார் அந்த அக்கா. நறுக்கும்போது காலாவதித் தேதி இருக்கும் துண்டு எப்போதும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அதெல்லாம் இருக்குங்க, கவலப்படாதீங்க" என்றார். இருக்கும்தான், யாரோ ஒருவர் வீட்டில். ஒரு மாத்திரை இருந்தால் ஒன்று இருக்காது, அடுத்த வாரம் வா என்பார்கள். அந்த அடுத்த வாரத்துக்கு இன்னொரு அரை நாள் லீவு போட வேண்டும். எனக்கு நடப்பதே கஷ்டம் என்பதால் இல்லாத மருந்தை வெளியில் வாங்கிவிடுகிறேன். இலவச மருந்துக்கு மாதம் 300 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு இரண்டு. ஆனால் 2021 நவம்பர் மழையில் வீட்டு வாசல் டைல்ஸில் வழுக்கி விழுந்தேன். வலது தொடை எலும்பு முறிந்தது. போலியோ காலின் எலும்பு முருங்கைக் கிளை மாதிரி. பார்க்க இருக்கும், வெயிட்டு தாங்காது. பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளேட் வைக்க 1,60,000 கேட்டார்கள். அதுவும், "எலும்பு மெலிசா இருக்கு, பிடிக்குமான்னு சொல்ல முடியாது" என்ற முன்னெச்சரிக்கையுடன். அண்ணன் ஒருத்தர் டெம்போவில் ஏற்றி ஈஎஸ்ஐ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்காவது நாள் அறுவை சிகிச்சை. 16 நாள் வார்டில் இருந்தேன். பிளேட், ஸ்க்ரூ, மருந்து, கட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து நான் கட்டிய பில் பூஜ்யம். பிளேட் இன்னும் உள்ளே இருக்கிறது, பிடித்துக்கொண்டது.

குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை, எலும்பு வார்டில் வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பூட்டு. சாவி நர்ஸ் மேசையில். இரவு இரண்டு மணிக்குச் சாவி எங்கே என்று அம்மா தேடி அலைந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

74 நாள் வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் லீவு சம்பளம் கிடையாது. ஈஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எனக்கே தெரியும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சம்பளம் வாங்கி, அதற்குப் பிடித்தம் கட்டியிருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். வருடத்தில் 91 நாள் வரை. முதல் இரண்டு நாளைக் கழித்துக்கொண்டு 72 நாளைக்கு எனக்கு 30 ஆயிரத்துச் சொச்சம் வங்கிக் கணக்கில் வந்தது. தாமதமாகத்தான் வந்தது, டிஸ்பென்சரி சான்றிதழுக்கு அம்மா எத்தனை தடவை பஸ் ஏறினார் என்பதற்குக் கணக்கில்லை. ஆனாலும் அந்தத் தையில் வீட்டு வாடகை கொடுத்தது அந்தப் பணம்தான்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

2023 ஏப்ரலில் சம்பளத்தை 20,300-இலிருந்து 22,000 ஆக்கினார்கள். மே முதல் வாரம் சம்பளச் சீட்டைப் பார்க்கிறேன், ஈஎஸ்ஐ கட்டத்தில் கோடு போட்டிருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு பி.எஃப்., ஈஎஸ்ஐ வேலையெல்லாம் வெளியே ஒரு கன்சல்டன்ட் பார்க்கிறார். போன் போட்டேன்.

"மேடம், நீங்க 21 தாண்டிட்டீங்க. வாழ்த்துகள், ஈஎஸ்ஐல இருந்து வெளிய வந்துட்டீங்க."

"எனக்கு 25 வரைக்கும் உண்டுங்களே."

"எந்த 25-ங்க?"

மனிதர் கெட்டவர் இல்லை. 60 கம்பெனிக்குப் பார்க்கிறார், இதுவரை ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லையாம். எனக்கே தற்செயலாகத்தான் தெரியும், மாற்றுத்திறனாளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஈஎஸ்ஐ மத்திய விதிகளில் 50-வது விதி. மற்றவர்களுக்கு மாதச் சம்பள வரம்பு 21,000. மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு 25,000. ஓவர்டைம் காசை இந்த வரம்புக்குச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. விதியின் பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகு அவர் கணினியில் பார்த்தார். சங்கதி அங்கேதான் இருந்தது. 2014-இல் என் பெயரைப் பதிவு செய்த யாரோ, மாற்றுத்திறனாளியா என்ற கேள்விக்கு இல்லை என்று தட்டிவிட்டிருக்கிறார். ஒன்பது வருடம் நான் அந்தக் கட்டடத்தில் காலிப்பர் சத்தத்தோடு நடந்திருக்கிறேன், பதிவேட்டில் நான் முழு ஆரோக்கியம்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஈஎஸ்ஐயில் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை ஓடும். அதாவது ஏப்ரலில் பெயரை எடுத்துவிட்டாலும் டிசம்பர் வரை டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பார்கள். ஜனவரியில் ஒரு நாள் கம்ப்யூட்டர் "தகுதி இல்லை" என்று காட்டும்போதுதான் ஆளுக்கே தெரியும். அதற்குள் ஒன்பது மாதம் போயிருக்கும். நான் சம்பளச் சீட்டைக் கட்டம் கட்டமாகப் படிக்கிற பிறவி என்பதால் தப்பித்தேன்.

பதிவைத் திருத்த மூன்று தடவை அலைந்தேன். கிளை அலுவலகம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. முதல் தடவை கீழே பைக் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு கன்சல்டன்ட் பையனை மேலே அனுப்பினேன். என்னிடம் இருந்த பழைய அடையாளப் புத்தகம் போதாது, யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை அட்டையோடு போனால், கம்பெனிக் கடிதத்தில் சீல் இல்லை. மூன்றாவது தடவை அங்கிருந்த கிளார்க் ஒருவர் ஃபைலை எடுத்துக்கொண்டு தானே படியிறங்கி வந்தார். என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தே கையெழுத்து வாங்கினார். "இந்த ரூல நாங்களே எடுத்துப் பார்த்து ரொம்ப நாளாச்சுங்க" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இறங்கி வந்தாரே. ஜூனில் பெயர் திரும்ப ஏறியது.

அப்புறம்தான் இன்னொன்றைப் படித்தேன். தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால், ஈஎஸ்ஐயில் கம்பெனி கட்ட வேண்டிய பங்கை மத்திய அரசே ஏற்றுக்கொள்கிறது. முதலில் 3 வருடத்துக்கு என்று இருந்தது, பின்னால் 10 வருடமாக்கினார்கள். என் விஷயத்தில் கம்பெனி அதைக் கேட்கவே இல்லை. முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கணும், கைக்காசு தொலைந்தது போல ஆகிவிட்டது. செக்கிங்கில் காது கேளாத ஒரு பையன் சேர்ந்திருந்தான். அவனுக்கு மறுநாளே சரியான கட்டத்தில் பதிந்துவிட்டார்கள். எப்படியோ ஒருத்தனுக்காவது முதல் நாளிலிருந்தே சரியாக நடந்தது.

இப்போது அந்த 25,000 பற்றி. மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு வந்தது 2008 ஏப்ரலில். அப்போது மற்றவர்களுக்கு வரம்பு 10,000. அன்றைக்கு 25,000 என்றால் பெரிய சம்பளம், இரண்டரை மடங்கு இடம் விட்டிருந்தார்கள். உடம்பு சரியில்லாதவனுக்குச் செலவு கூட, சம்பளம் கொஞ்சம் ஏறினதும் விரட்டக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. 2010-இல் மற்றவர்களுக்கு 15,000 ஆனது. 2017 ஜனவரியில் 21,000 ஆனது. எங்கள் 25,000 அதே இடத்தில் நின்றது. இரண்டரை மடங்காக இருந்த இடைவெளி வெறும் 4,000 ரூபாய்க்குச் சுருங்கிவிட்டது. வரம்பை ஏற்றும்போது எங்களை மறந்துவிட்டார்களா, 25 என்பதே பெரிதாகத் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. என் அளவில் இந்தச் சேவையில் பெரிய ஓட்டை இதுதான். மற்றதெல்லாம் பைக்கை நகர்த்தினால் சரியாகிவிடும்.

வெளியே வந்தால் வேறு என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டுப் போட்டுப் பார்த்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். அதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். மத்திய அரசின் நிராமயா திட்டத்தில் வருமான வரம்பு இல்லை, வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் ஒரு லட்சம் வரை கிடைக்கும். என் தோழியின் தம்பி அதில் இருக்கிறான். ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு மட்டும். போலியோவுக்கு இடமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனி பாலிசி வைத்தே ஆக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அதை நம்பி ஒரு ஏஜென்டிடம் கேட்டேன். எனக்கும் 66 வயது அம்மாவுக்கும் சேர்த்து வருடம் 41,000 சொன்னார். அம்மாவின் சர்க்கரைக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். என் காலைப் பற்றிக் கேட்டதும், "அத மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் உண்டு மேடம்" என்றார். எனக்கு இருப்பதே அந்தக் கால்தானே.

2025 ஏப்ரலில் முதலாளி கூப்பிட்டு, சம்பளத்தை 26,000 ஆக்கலாம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் கால்குலேட்டர் எடுத்தேன். வேண்டுமானால் 24,950 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றேன்.

"என்னம்மிணி, சம்பளம் ஏத்தறேன்னா வேண்டாங்கறே?"

சொன்னேன். 26,000-க்கும் 24,950-க்கும் வித்தியாசம் மாதம் 1,050, வருடம் 12,600. அதை வாங்கிக்கொண்டு 41,000 ரூபாய்க்கு என் காலைச் சேர்க்காத பாலிசி எடுக்க வேண்டும். நட்டக் கணக்கு. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஏப்ரலில் ஏற்றாதீர்கள், மேயில் ஏற்றுங்கள் என்றும் சொன்னேன். பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் வரை, பெயரை எடுக்கக் கூடாது. அதற்கான பலன் அடுத்த ஜூன் வரை ஓடும். ஏப்ரல் 1-க்கும் மே 1-க்கும் நடுவில் அம்மாவின் ஆறு மாத மாத்திரை இருக்கிறது.

மீதியைக் கையில் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா, அந்த வவுச்சரையும் நான்தான் எழுதணும் என்றேன். சிரித்துவிட்டு, "செரி, தீபாவளி போனஸ்ல பாத்துக்கலாம்" என்றார். பாத்துக்கலாம் என்பதற்கு டாலியில் லெட்ஜர் கிடையாது. இப்போதைக்குப் பேச்சு அந்த அளவில் நிற்கிறது, சம்பளம் பழைய 24,700-இலேயே ஓடுகிறது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மருந்து ஜன்னலுக்கு இரண்டு, டாக்டரம்மாவுக்கு நான்கு, எலும்பு வார்டுக்கு சாவிக்காக அரை குறைத்து நான்கரை, 25,000 வரம்புக்கு ஒன்று. கூட்டி வகுக்க எனக்கு மனசில்லை.

உங்கள் கம்பெனியில் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால், சம்பளம் 21,000-ஐ நெருங்கும் முன்பே அவருடைய ஈஎஸ்ஐ பதிவில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் தட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கிளை அலுவலகத்துக்குப் போகும்போது யு.டி.ஐ.டி. அட்டை, அதன் நகல் இரண்டு, கம்பெனிக் கடிதம். சீல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறக் கூடிய ஒரு ஆளையும் கூட்டிப் போங்கள்.